மின்சூளைப் பராமரிப்பு: கிளேஸ் பாண்டங்கள் கெடாமல் இருக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அந்தப் பட்டறையின் பெயரைச் சொன்னால் விறகுச் சூளைதான் நினைவுக்கு வரும். இன்று ஸ்டோன்வேர் (உயர்ந்த சூட்டில் சுட்டு இறுகும் மட்பாண்டம்) செய்ய விரும்புகிறவர்களில் பலர் மாடிவீட்டிலோ வாடகைக் கடையிலோ இருக்கிறார்கள். அங்கே விறகும் புகையும் நடக்காது. அதனால் மின்சூளை வாங்குகிறார்கள். வாங்கிய முதல் வருடம் எல்லாம் அழகாக வரும். பிறகு மெல்ல மெல்ல, பாண்டத்தின் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் மங்கும், புள்ளி விழும், மேல்தட்டும் கீழ்த்தட்டும் வேறு வேறு நிறத்தில் வரும். அந்தக் கட்டத்தில் எழும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் கோன் 6 வரை, அதாவது ஏறக்குறைய 1220 டிகிரி செல்சியஸ் வரை சுடும் சிறு சூளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கோன் என்பது போதிய சூடு வாங்கியதும் வளையும் சிறு கூம்பு; அதன் எண் சூட்டின் அளவைச் சொல்லும்.

கிளேஸ் கெட்டால் கலவையில்தானே கோளாறு? சூளையை ஏன் சந்தேகிக்க வேண்டும்?

ஒரே வாளிக் கிளேஸ், ஒரே மண், ஒரே ஆள். போன மாதம் நன்றாக வந்தது, இந்த மாதம் வரவில்லை. அப்படியென்றால் கலவையைக் கடைசியில் சந்தேகியுங்கள். மாறியிருக்கக்கூடியது சூடு, காற்று, தூசி. இந்த மூன்றும் சூளையின் கணக்கில் வருபவை. கலவையைத் திருத்தத் தொடங்கினால் சூளையின் பழுதுக்கு ஏற்றபடி ஒரு கிளேஸைச் செய்து முடிப்பீர்கள். பழுதைச் சரிசெய்த அன்றே அந்தக் கிளேஸ் ஓடி வழியும்.

கலவையையே சந்தேகிக்க வேண்டிய இடமும் உண்டு. சுட்ட பிறகு நாள்கணக்கில் ‘டிங் டிங்’ என்று ஒலித்தபடி மயிரிழை விரிசல் விடுவது பெரும்பாலும் மண்ணும் கிளேஸும் விரிந்து சுருங்கும் அளவு ஒத்துப்போகாததால். சூளையை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது தீராது.

வெள்ளைத் தட்டில் மட்டும் பழுப்புப் புள்ளியும் சிறு கட்டியும் விழுகின்றன. எங்கிருந்து வருகிறது?

மேலிருந்துதான். மூடியின் உட்பக்கச் செங்கல் துகள், மேல் ஷெல்ஃபின் அடியில் ஒட்டியிருக்கும் கில்ன் வாஷ் (கிளேஸ் ஒட்டாமலிருக்க ஷெல்ஃபில் பூசும் பூச்சு) செதில், எலிமெண்ட் (சூடேறும் கம்பி) பதிந்திருக்கும் வரியில் தங்கிய பழைய கிளேஸ் சில்லு, ஸ்டீல் சட்டத்தின் துரு எல்லாம் உருகிய கிளேஸ் மேல் விழுந்தால் அங்கேயே பதிந்துவிடும். கறுப்புக் கிண்ணத்திலும் விழுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கிளேஸ் சூட்டுக்கு முன்பும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான பிரஷ் முனை பொருத்திய வாக்குவம் கிளீனரால் மூடியின் உட்புறம், எலிமெண்ட் வரிகள், தரை என்று மேலிருந்து கீழே வாருங்கள். தரையை முதலில் சுத்தம் செய்தால் மறுபடி செய்ய வேண்டிவரும். பாண்டம் அடுக்கும்போது மூடியைப் படாரென்று விடாதீர்கள். நீங்கள் எடுத்த தூசியைவிட அதிகமாக அது உதிர்க்கும். ஷெல்ஃபை ஏற்றும் முன் அதன் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தேய்க்கத் தோன்றும். பிரஷ்ஷால் தேயுங்கள். கிளேஸ் சில்லு சவர பிளேடு போல அறுக்கும்.

இன்னொன்று. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். செங்கல் தூசியிலும் களிமண் தூசியிலும் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. என்95 முகக்கவசம் போடுங்கள். சாதாரண வீட்டு வாக்குவம் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே துப்பும். ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருந்தால் நல்லது.

கில்ன் வாஷை எப்படிக் கலப்பது, எங்கே பூசுவது?

அலுமினா ஹைட்ரேட்டும் கயோலினும் (வெள்ளைக் களிமண்) சரிபாதி. தண்ணீர் விட்டு மெல்லிய பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சுடாத கயோலின் சுருங்கி வெடித்துச் செதிலாக உரியும் என்பதால், அதில் பாதியை ஒரு பிஸ்க் கிண்ணத்தில் (கிளேஸ் பூசாமல் ஒருமுறை சுட்டது) வைத்து முன்பே சுட்டு எடுத்துக்கொண்டால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். ஷெல்ஃபை ஈரத்துணியால் துடைத்து, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சு போட்டால் அடுத்த சூட்டிலேயே உரியும்.

எங்கே பூசக்கூடாது என்பதுதான் முக்கியம். அடிப்பக்கம் கூடாது, கீழே உள்ள பாண்டத்தின் மேல் உதிரும். விளிம்பிலும் ஒரு செ.மீ. விட்டுவிடுங்கள். சுவர்ச் செங்கலிலும் எலிமெண்டிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. கம்பியில் ஒட்டிய வாஷும் கிளேஸும் அதன் பாதுகாப்புத் தோலை அரித்து அந்த இடத்திலேயே அறுக்கும்.

ஒரு பக்கம் பூசிய ஷெல்ஃபைத் திருப்பிப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். ஷெல்ஃப் வளையத் தொடங்கினால் திருப்பத்தான் வேண்டும். ஆனால் பழைய வாஷை முழுக்கச் சுரண்டிய பிறகு.

ஷெல்ஃபில் கிளேஸ் வழிந்து ஒட்டிவிட்டது. உளி வைத்துத் தட்டலாமா?

நேராகத் தட்டினால் ஷெல்ஃப் உடையும். உளியைப் படுக்கைவாட்டில் சாய்த்து, கிளேஸுக்கும் வாஷுக்கும் நடுவே செலுத்துங்கள். வாஷ் ஒழுங்காக இருந்தால் கட்டி மொத்தமாகக் கழன்று வரும். வராவிட்டால் ஆங்கிள் கிரைண்டர். கண்ணாடி, முகக்கவசம், கையுறை மூன்றும் இல்லாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம். வேலையை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கலில் வழிந்திருந்தால் நிலைமை வேறு. சூளையின் செங்கல் காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற செங்கல். அதில் ஊறிய கிளேஸ் ஒவ்வொரு சூட்டிலும் மறுபடி உருகி இன்னும் ஆழமாகத் தின்னும். கறைபட்ட பகுதியைக் கத்தியால் நல்ல செங்கல் தெரியும்வரை தோண்டி எடுத்து, அதே வகைச் செங்கல் துண்டும் சூளைச் சிமெண்ட்டும் வைத்து அடையுங்கள். எலிமெண்டிலேயே வழிந்திருந்தால் அந்த எலிமெண்டை மாற்றும் நாள் வந்துவிட்டது என்று பொருள். சுரண்டிக் காப்பாற்றியவர்களை நான் பார்த்ததில்லை.

எலிமெண்டை எப்போது மாற்றுவது? அறுந்த பிறகு போதாதா?

கேள்விகளில் இதுதான் பெரியது, ஏனென்றால் எலிமெண்ட் அறுவதற்கு வெகுநாள் முன்பே கிளேஸ் கெடத் தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலான மின்சூளைகளில் இருப்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி. காந்தல் ஏ-1 என்ற வகை அதிகம் புழங்குகிறது. சூடேறும்போது அதன் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடாகி ஒரு தோல் போலப் படியும். உள்ளிருக்கும் உலோகத்தைக் காப்பது அந்தத் தோல்தான். சுடச்சுட அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும், கம்பி மெலியும், மின்தடை ஏறும். தடை ஏறினால் திறன் இறங்கும். 20 ஓம் எலிமெண்ட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 2645 வாட் தரும். அதுவே 22 ஓம் ஆனால் 2405 வாட்தான். 10 சதவீதத் தடை ஏற்றத்தில் 9 சதவீதச் சூட்டை இழந்துவிட்டீர்கள். இந்த 10 சதவீதத்தைத்தான் பலர் மாற்றும் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள்.

கிளேஸுக்கு இதனால் என்ன? சூளை மெதுவாக ஏறுகிறது. கன்ட்ரோலர் அதே இலக்கு வெப்பநிலை வரும்வரை காத்திருக்கும். முன்பு ஒரு மணி நேரத்தில் தாண்டிய கடைசி 100 டிகிரியை இப்போது மூன்று மணி நேரம் இழுத்தால், காட்டும் எண் ஒன்றுதான், பாண்டம் வாங்கிய சூடு வேறு. கிளேஸ் கூடுதலாக உருகி வழியும், பளபளப்பில்லாத மேட் கிளேஸ் பளபளக்கும். இன்னும் கொஞ்சம் பழையதானால் இலக்கையே எட்டாது. அப்போது எல்லாம் வறண்டு கரடாக வரும். ஆக, ஒரே நோய் முதலில் அதிகச் சூடாகவும் பிறகு குறைச்சூடாகவும் தோன்றும். குழப்பம் வருவது இதனால்தான்.

எனவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எவ்வளவு பாண்டம் ஏற்றினீர்கள், கோன் எப்படி வளைந்தது. மொத்த நேரம் தொடர்ந்து நீண்டால் மல்டிமீட்டரை எடுங்கள். அளக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது அல்லது மெயினை அணைத்துப் பூட்டுவது கட்டாயம். புதிதாகப் போட்ட அன்றே ஒவ்வொரு எலிமெண்டின் ஓம் அளவையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தால்தான் ஒப்பிட முடியும். அது பலரிடம் இல்லை. தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியது கூடுதலாகச் சுடும், பழையவை பின்தங்கும், மேலுக்கும் கீழுக்கும் நிறம் மாறும்.

எலிமெண்ட் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாலையில் போட்டால் சூளை ஏறவில்லையே?

மின்னழுத்தத்தைப் பாருங்கள். 230 வோல்ட் 207 ஆக இறங்கினால் அது 10 சதவீத இறக்கம்தான், ஆனால் திறன் 19 சதவீதம் விழும். தெரு முழுக்க ஏசி ஓடும் கோடை மாலையில் இது சாதாரணம். சூளைக்கேற்ற ஸ்டெபிலைசர் விலை அதிகம். கடைசி நூறு டிகிரி நள்ளிரவுக்குப் பிறகு வரும்படி தொடங்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

புது எலிமெண்ட் போட்டதும் நேராகக் கிளேஸ் சூடு போடலாமா?

வேண்டாம். பாண்டம் எதுவும் இல்லாமல், மூடியின் துளையைத் திறந்து வைத்து, 1050 டிகிரி அளவுக்கு ஏற்றிச் சில மணி நேரம் நிறுத்துங்கள். நல்ல காற்றில் அந்த ஆக்சைடுத் தோல் முதலில் உருவாகட்டும். புது ஷெல்ஃப்களுக்கு வாஷ் பூசி அதே சூட்டில் காயவைத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை சுட்ட கம்பி குளிர்ந்த நிலையில் கண்ணாடி மாதிரி ஒடியும். வரியை விட்டு வெளியே தொங்கினால் கையால் அமுக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கேஸ் டார்ச்சால் அந்த இடத்தை மட்டும் செக்கச்சிவக்கக் காய்ச்சி, குறடால் மெல்ல உள்ளே தள்ளி, அதே உலோகத்தில் செய்த ஊசியால் செங்கலோடு குத்தி நிறுத்துங்கள்.

கன்ட்ரோலரில் எண் தெரிகிறதே, இன்னும் எதற்குக் கோன்?

கன்ட்ரோலர் சொல்வது தெர்மோகப்பிள் (சூளைக்குள் நீளும் வெப்பம் அளக்கும் கம்பி) நுனியில் உள்ள வெப்பநிலை. கோன் காட்டுவது பாண்டம் வாங்கிய மொத்தச் சூடு: வெப்பநிலையும் நேரமும் சேர்ந்தது. ஆர்டன் நிறுவனத்தின் பெரிய கோன் 6, கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏறினால் 1222 டிகிரியில் மடங்கும். மணிக்கு 150 டிகிரி வேகத்தில் போனால் 1243 வரை நிற்கும். கிளேஸும் கோனும் ஒரே இனச் சரக்கு, இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஹெர்மன் சேகர் 1886இல் பெர்லினில் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதைவிட மலிவான சாட்சி வரவில்லை.

கோன் 5, 6, 7 மூன்றையும் வரிசையாக நிறுத்தி மேல், நடு, கீழ் ஷெல்ஃப் ஒவ்வொன்றிலும் வையுங்கள். 5 படுத்து, 6 நுனி தொட்டு, 7 லேசாகத் தலைசாய்த்தோ நிமிர்ந்தோ இருந்தால் சரி. மேலே 7 படுத்து, கீழே 6 நிமிர்ந்து நின்றால் கீழ் எலிமெண்ட் பலவீனமாகிவிட்டது, அல்லது கீழ்த்தட்டில் நெருக்கி அடுக்கிவிட்டீர்கள். தரைச் செங்கலின் மேல் நேராக ஷெல்ஃபை வைக்காமல் ஒரு அங்குலக் கால்கள் மேல் வைத்தால் கீழ்த்தட்டின் பாதிப் பிரச்சினை தீரும்.

தெர்மோகப்பிளை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

சிறு சூளைகளில் பொதுவாக கே வகை. அது கோன் 6 சூட்டில் தேய்ந்துகொண்டே வரும். செதில் உதிரும், காட்டும் எண் விலகும். உண்மையைவிடக் குறைத்துக் காட்டினால் சூளை இலக்கைத் தாண்டி எரியும், பாண்டம் ஷெல்ஃபோடு ஒட்டும். நாள்கணக்கு வைப்பதைவிடக் கோனை நம்புங்கள்: எலிமெண்ட் நன்றாக இருந்தும் கோன் ஒரே திசையில் தொடர்ந்து விலகினால் மாற்றுங்கள். விலை அதிகமில்லை. அடிக்கடி கோன் 8, 10 என்று போகிறவர்கள் எஸ் வகைக்கு மாறுகிறார்கள். அது பிளாட்டினம், ரோடியம் கலந்தது, விலை மிக அதிகம், நீண்ட நாள் நிலையாக இருக்கும். வகையை மாற்றினால் கன்ட்ரோலரின் அமைப்பையும் இணைப்புக் கம்பியையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அடுக்கும்போது பாண்டமோ ஷெல்ஃபோ தெர்மோகப்பிளைத் தொடக்கூடாது. ஒரு அங்குலம் இடைவெளி விடுங்கள்.

ரிலே என்றால் என்ன? அதனால் கிளேஸ் கெடுமா?

சூளை ஓடும்போது ‘டக், டக்’ என்று கேட்கிறதே, அதுதான் எலிமெண்டுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே. அணைந்த நிலையில் கெட்டால் ஒரு பகுதி சூடாகாது. மின்சாரம் பாயும் நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்ன பிறகும் சூளை எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் எல்லாம் ஒரே கட்டி. ஆகவே சூடு முடியும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் இருக்கிறதே என்று பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள்.

பிஸ்க் சூட்டில் துளையை மூடி வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்கிறார்கள். உண்மையா?

மிச்சம் கொஞ்சம், நஷ்டம் அதிகம். கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் இந்த முதல் சூட்டில்தான் களிமண்ணிலிருந்து நீராவி, கரிவாயு, கந்தகம் எல்லாம் வெளியேறும். போக வழியில்லாமல் உள்ளே நின்றால் இரண்டு கேடு. ஒன்று, எலிமெண்டின் ஆக்சைடுத் தோலை அது அரிக்கும். இரண்டு, முழுதாக எரியாத கரி மண்ணுக்குள் தங்கி, அடுத்த கிளேஸ் சூட்டில் குமிழியாக வெளியே வந்து ஊசித்துளை விடும். மேல்துளையை 700 டிகிரி வரையாவது திறந்து வையுங்கள். அடியில் சிறு விசிறி வைத்துக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் வென்ட் இருந்தால் முழுச் சூட்டுக்கும் ஓடவிடலாம். அறைக்கு ஜன்னல் கட்டாயம்.

மரத்தூள், காகிதம் போட்டுப் புகை உண்டாக்கி ரிடக்‌ஷன் (ஆக்சிஜன் குறைந்த சூடு) நிறம் எடுக்கும் ஆசை சிலருக்கு வரும். மின்சூளையில் அந்த ஆசை வேண்டாம்.

வெள்ளைக் கிண்ணம் இளஞ்சிவப்பாக வந்தது. யாரும் அந்த நிறம் பூசவில்லையே?

பக்கத்தில் குரோம் சேர்ந்த பச்சைக் கிளேஸ் இருந்திருக்கும். குரோமியம் சூட்டில் ஆவியாகி, வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளைக் கிளேஸில் படிந்தால் இளஞ்சிவப்பாகும். தள்ளி அடுக்குங்கள், முடிந்தால் தனிச் சூட்டில் போடுங்கள். பழுதல்ல, வேதியியல்.

எத்தனை டிகிரியில் திறக்கலாம்?

100க்குக் கீழே. கையுறையில்லாமல் எடுக்க முடிகிற சூடு வரும்வரை காத்திருப்பது இன்னும் நல்லது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அதையொட்டிக் குளிர்காற்று பட்டால் பெரிய தட்டுகள் குறுக்கே பிளக்கும். சூளை மூடியில் வரும் மெல்லிய விரிசலும் பாதி இந்த அவசரத்தால் வருவதே. மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் கவலைப்பட வேண்டாம், சூடேறும்போது மூடிக்கொள்ளும். துகள் உதிர்ந்தால் மட்டும் கவனியுங்கள். அதைச் சிமெண்ட்டால் தடவி மூடினால் காய்ந்த சிமெண்ட் செதிலாகப் பாண்டத்தில் விழும் என்பதையும் மறக்காதீர்கள்.

பாதியில் கரண்ட் போனால்?

துளைகளை அடைத்துவிட்டு, மூடியைத் தொடாமல் விடுங்கள். சில கன்ட்ரோலர்கள் மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும், சில நின்றுவிடும். உங்களுடையது எது என்று முன்பே கையேட்டில் பார்த்து வையுங்கள். நின்றுவிட்டால் முழுக்கக் குளிரவிட்டு மறுபடி முதலிலிருந்து சுடலாம். பெரும்பாலான கிளேஸ் தாங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சூளையை என்ன செய்வது? கடற்கரையோரம் வேறு.

சூளைச் செங்கல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழையில் சில வாரம் சும்மா கிடந்த சூளையைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால், முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். மூடியை ஒரு சிறு செங்கல் துண்டால் சற்றே தூக்கி வைத்து, 80, 90 டிகிரியில் சில மணி நேரம் காயவிடுங்கள். அதன் பிறகும் விழுந்தால் எலக்ட்ரீஷியன்தான்.

கடற்காற்றின் உப்பு ஸ்டீல் சட்டத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். மெயினை அணைத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கறுத்துப்போன அல்லது உருகிய முனை இருக்கிறதா என்று பருவத்துக்கு ஒருமுறை பாருங்கள். தளர்ந்த முனை சூடாகி எரியும். சூட்டின்போது பிளக்கையோ கேபிளையோ தொட்டால் கை பின்வாங்கும் அளவு சுட்டால் உடனே நிறுத்துங்கள். சூளைக்குத் தனி எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்), தனிக் கேபிள், சரியான எர்த் வேண்டும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். பெட்டிக்குள் பல்லி கருகிக் கிடப்பதும் எறும்பு கூடு கட்டுவதும் நம் ஊர்ச் சூளைகளுக்கே உரிய பழுது. காற்றுத் துளைகளில் நுண்ணிய ஸ்டீல் வலை அடித்தால் போதும்.

பழைய சூளை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சட்டமும் செங்கலும் நன்றாக இருந்தால் வாங்கலாம். எலிமெண்ட், ரிலே, தெர்மோகப்பிள் மூன்றும் மாற்றும் செலவை விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். மூடியைத் திறந்து தரையைப் பாருங்கள்: செங்கலில் கிளேஸ் குளம் உறைந்திருந்தால் முன்பிருந்தவர் ஒருமுறையாவது சூளையை மிஞ்ச எரித்திருக்கிறார். எலிமெண்ட் வரிகளின் விளிம்பு உடைந்து கம்பி வெளியே தொங்கினால் செங்கலையும் மாற்ற வேண்டிவரும், அப்போது மலிவு மலிவல்ல. எத்தனை வோல்ட், ஒற்றை பேஸா மூன்று பேஸா என்று தகட்டில் படித்துப் பாருங்கள். 240 வோல்ட் என்று அடித்திருக்கும் வெளிநாட்டுச் சூளை நம் 230இல் சற்று மந்தமாகத்தான் ஏறும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் சூட்டில் உங்கள் பாண்டம் எதையும் வைக்காதீர்கள். மூன்று தட்டிலும் கோன் வைத்துக் காலி ஷெல்ஃப்களோடு போட்டுப் பாருங்கள்.